ஐபோன் 15: அறிவிப்பு முதல் கைக்கு வந்தது வரை 14 நாள்

கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளாகப் புகைப்பட நிலையம் நடத்தி வருகிறேன். திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எதற்குப் போனாலும் பெரிய கேமராக்களும் விளக்குகளும் உடன் வரும். ஆனால் சில ஆண்டுகளாக, ஆல்பம் எப்போது வரும் என்று பெரியவர்கள் கேட்பதற்கு முன்பே, "அண்ணே, ரீல்ஸ் இன்னிக்கு ராத்திரியே கிடைச்சிடுமா?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டதால், நிமிர்வாக்கில் படமெடுத்து, மண்டபத்திலேயே உட்கார்ந்து தொகுத்து அனுப்புவதற்கு நல்ல கைப்பேசி ஒன்று எங்கள் தொழில் கருவிகளில் சேர்ந்துவிட்டது. 2020இல் வாங்கிய ஐபோன் 11 அந்த வேலையைத்தான் பார்த்து வந்தது. அதன் மின்னேற்றத் துளை தளர்ந்து, கம்பியைச் சாய்த்து வைத்து மேலே ஒரு பேட்டரியைப் பாரமாக ஏற்றினால்தான் மின்னேறும் என்ற நிலை வந்தபோது, அடுத்த ஐபோன் வெளிவரட்டும் என்று காத்திருக்க முடிவு செய்தேன்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். காத்திருந்தது சரி, வெளிவந்த அன்றே வாங்க வேண்டும் என்று நின்றதற்குத் தொழில் காரணம் எதுவும் கிடையாது. 2023 செப்டம்பர் 18 அன்று புரட்டாசி பிறந்தது. புரட்டாசியில் எங்கள் பக்கத்து வீடுகளில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். எங்கள் தொழிலில் அது கேமராவைத் துடைத்து உறையில் போட்டு வைக்கும் மாதம். நவராத்திரி தொடங்கியதே அக்டோபர் 15 அன்றுதான், ஐப்பசி முகூர்த்தங்கள் அதற்கும் பிறகு. ஆக, முதல் நாள் என்ற ஆசைக்கு நான் கொடுத்த விலை தனி, கைப்பேசிக்குக் கொடுத்த விலை தனி. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதினால் கைப்பேசிக்கு அநீதி செய்தவனாவேன் என்பதால் இந்த மதிப்புரையில் இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி இரவு 10.30க்கு ஆப்பிளின் அறிவிப்பு நிகழ்ச்சி தொடங்கியது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உதவியாளர் தம்பியும் நானும் ஆல்பம் வடிவமைக்கும் பெரிய திரையில் அதைப் பார்த்தோம். நாங்கள் எதிர்பார்த்திருந்தது ஒரே ஒரு செய்தியைத்தான்: ஆப்பிளுக்கே உரிய பழைய லைட்னிங் மின்னேற்றத் துளை போய், மற்றக் கருவிகளில் உள்ள யூஎஸ்பி-சி துளை வந்துவிட்டதா என்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதிக்குள் எல்லாக் கைப்பேசிகளிலும் அது இருந்தாக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டதால் வந்துவிடும் என்று தெரிந்திருந்தாலும், திரையில் அந்த நீள்வட்டத் துளையைக் காட்டியபோது தம்பி கைதட்டிவிட்டான். கேமரா, மைக், விளக்கு, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி என்பது வெளியூர் மண்டபத்தில் பை தூக்கி அலைகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை திரையில் பேசியவர் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அன்று அறிவித்த விலை 128 ஜிபிக்கு 79,900 ரூபாய். ஐபோன் 13, 14 ஆகியவை வந்தபோதும் இதே 79,900தான். மறுநாள் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் கேட்ட கேள்வி, "நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே செய்யறாங்களே, அப்புறமும் ஏன் சார் இந்த விலை?" என்பது. கேள்வி நியாயமானதுதான். இந்தியாவில் ஐபோன் தயாரிப்பு 2017இல் பெங்களூருவில் ஒரு சிறிய மாடலுடன் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்து தரும் பாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலைக்கு வந்து பெருகியது. 2022இல் ஐபோன் 14 இங்கே தயாராகத் தொடங்கிய செய்தி அது வெளிவந்து சில நாள்கள் கழித்தே வந்தது. ஐபோன் 15தான் விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே இந்தியாவில் தயாரான கருவியாகக் கடைக்கு வந்த முதல் ஐபோன்.

ஆர்வத்தில் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் அறிவித்த விலை 799 டாலர். அதில் விற்பனை வரி சேராது. அப்போது டாலர் ஏறத்தாழ 83 ரூபாய் என்பதால் அது 66,317 ரூபாய். இங்கே அப்போது சொன்ன 79,900 ரூபாய்க்குள் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தால் கருவிக்கு 67,711 ரூபாய் 86 காசு, வரிக்கு 12,188 ரூபாய் 14 காசு. வரியை நீக்கினால் இரு நாட்டு விலைக்கும் இடையே ஏறத்தாழ 1,400 ரூபாய்தான் வேறுபாடு. அந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்தே வந்த, அதே வரிசையில் விலை கூடிய ஐபோன் 15 ப்ரோவை இதே தராசில் வைத்தால் முள் சட்டென்று சாய்கிறது: 999 டாலர் என்பது 82,917 ரூபாய், இங்கே விலை 1,34,900, ஜிஎஸ்டி நீக்கியும் 1,14,322 ரூபாய். இறக்குமதிக் கைப்பேசிக்கு அப்போது 20 விழுக்காடு சுங்கவரியும் அதன் மேல் கூடுதல் தீர்வையும் இருந்தன என்பதை நினைத்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். உள்ளூர்த் தயாரிப்பால் விலை இறங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ரூபாயின் மதிப்பு இரண்டு ஆண்டுகளில் இவ்வளவு சரிந்தும் விலை ஏறாமல் நின்றதே என்று நான் பதில் சொன்னபோது, கேட்டவர்களில் ஒருவரும் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஜிஎஸ்டி கணக்குதான் என்னைத் தவறான வாசலுக்கு இழுத்துச் சென்றது. தொழிலுக்கு வாங்கும் கருவி என்பதால் என் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு ரசீது வாங்கினால் அந்த 12,188 ரூபாயை, நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு நேரில் போய்க் கடையில் வாங்குவதே தோது என்று நினைத்து, 13ஆம் தேதி காலையிலேயே தஞ்சாவூரில் உள்ள ஒரு பெரிய கைப்பேசிக் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்த இளைஞர் மிகுந்த மரியாதையுடன் உட்கார வைத்து, 22ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கருவி கையில் இருக்கும் என்று உறுதி சொல்லி, 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகத்தில் "15 பிளாக் 128" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டில் தேதி இருந்தது, தொகை இருந்தது, என் பெயர்கூட ஓர் எழுத்துப் பிழையுடன் இருந்தது. எந்த நாளில் தருவார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை. இருபது ஆண்டுகளாக மற்றவர்களுக்கு முன்பணச் சீட்டு எழுதிக் கொடுப்பவன் நான். ஆல்பம் தரும் நாளை எழுதாமல் நான் ஒரு சீட்டும் கொடுத்ததில்லை. அப்படியிருந்தும் அதைக் கவனிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் இப்படியெல்லாம் அலையவில்லை. 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 5.30க்கு முன்பதிவு திறந்தபோது, அலுவலகத்தில் இருந்தபடியே ஆப்பிளின் இணையக் கடையில் இளஞ்சிவப்பு ஐபோன் 15 ஒன்றைப் பதிவு செய்தாள். ஒரு வங்கி அட்டைக்கு 5,000 ரூபாய் கழிவும் கிடைத்தது. 2020 செப்டம்பரில் ஆப்பிள் இந்தியாவில் அந்த இணையக் கடையைத் திறந்ததிலிருந்து ஊர் எது என்ற வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது என்றும், மும்பையிலும் டெல்லியிலும் 2023 ஏப்ரலில் திறந்த அவர்களுடைய நேரடிக் கடைகள் தமிழ்நாட்டுக்கு வரும்வரை இதுவே நேர்வழி என்றும் தொலைபேசியில் விளக்கி, "மாமா, நீங்களும் இப்பவே போட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, சொன்ன சொல்லை மாற்றக்கூடாது என்று பெருமையாகப் பதில் சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றாதிருக்க வேண்டிய மறுபக்கத்தைப் பற்றி அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

காத்திருந்த அந்த ஒரு வாரத்தில் நான் செய்தவற்றைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இலங்கை அணி 50 ஓட்டங்களுக்குச் சுருண்டு ஆட்டம் மாலைக்குள் முடிந்துவிட, மிச்சப் பொழுதை முழுவதும் ஐபோன் 15 பற்றிய காணொளிகளில் கழித்தேன். திங்கள்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. களிமண் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை சாத்திவிட்டு, உட்கார்ந்து கைப்பேசி உறைகளின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கடைக்குப் பேசினேன், "கண்டிப்பா சார்" என்றார்கள். வியாழக்கிழமையும் பேசினேன். அப்போதும் "கண்டிப்பா சார்"தான்.

22ஆம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்குக் கடை வாசலில் நின்றேன். மும்பையில் முந்தைய நாளே வந்து வரிசையில் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள்; தஞ்சாவூரில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். உள்ளே பலூன் கட்டி, கேக் வைத்து, பெட்டிகளை ஒரு மேசைமேல் அடுக்கிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு: ஒன்பது பெட்டிகள். முன்பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவருடைய சீட்டின் வரிசை எண் 41. என்னுடையது 17.

என் முறை வந்தபோது மேசையில் இளஞ்சிவப்பு ஒன்று மட்டும் இருந்தது. "சார், அலாட்மெண்ட் கம்மியா வந்திருக்கு" என்று மேலாளர் தொடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, கறுப்பு ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பதாகவும், அதை உறை, திரைக் கண்ணாடி, ஓராண்டுக் காப்புத் திட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுப்பாக எடுத்துக்கொள்பவர்களுக்கே கொடுக்க முடியும் என்றும் சொன்னார். தொகுப்பின் விலை 9,500 ரூபாய். வெளியே அந்த உறையும் கண்ணாடியும் எந்த விலைக்குக் கிடைக்கும் என்பது, ஒரு வாரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதா?

அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். புதிய கைப்பேசியில் கடைக்காரருக்கு நிற்கும் இலாபம் மெல்லியது. உறையிலும் கண்ணாடியிலும் காப்புத் திட்டத்திலும்தான் அவருடைய வாடகையும் ஆள் சம்பளமும் இருக்கின்றன. விநியோகஸ்தர் எத்தனை பெட்டி அனுப்புவார் என்பது கடைசி நாள்வரை அவருக்கே தெரிந்திருக்காது. நான்கூட அச்சிட்ட படத்தில் கிடைக்காத வருமானத்தைப் படம் மாட்டும் சட்டத்தில்தான் ஈடுகட்டுகிறேன். ஆனால் சட்டம் வாங்கினால்தான் படத்தைத் தருவேன் என்று நான் சொன்னதில்லை. எத்தனை பெட்டி வரும் என்று தெரியாத ஒருவர் நாற்பத்தொரு பேரிடம் "கண்டிப்பா" என்று சொல்லி முன்பணம் வாங்கியிருக்கக் கூடாது; ஒதுக்கி வைத்த பெட்டிக்குத் தொகுப்பு என்று பெயர் சூட்டியிருக்கவும் கூடாது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மூன்று வேலை நாளில் கணக்குக்கு வரும் என்றார்கள். ஐந்தாம் நாள் வந்தது. கேக் மட்டும் உடனடியாகக் கிடைத்தது.

அதே நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா மகளுடைய இளஞ்சிவப்புக் கைப்பேசி அவளுடைய அலுவலக வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. படம் எடுத்து அனுப்பினாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதை அவளுடைய பெருந்தன்மையாகக் கொள்கிறேன்.

அன்றிரவு ஓர் இணைய விற்பனைத் தளத்தில் கறுப்பு 128 ஜிபி மூன்று நாளில் கிடைக்கும் என்று காட்டியது. ஜிஎஸ்டி எண் போட்ட ரசீதும் உண்டு என்று பார்த்ததும் பதிவு செய்தேன். பொட்டலம் எங்கே வருகிறது என்று காட்டும் பக்கத்தின்படி அது கர்நாடகத்தில் உள்ள ஒரு கிடங்கிலிருந்து கிளம்பியது. சுங்குவார்சத்திரத்துக்கும் கும்பகோணத்துக்கும் சாலை வழியே 300 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். அங்கே செய்த கருவியாக இருந்தால், அது ஆலை வாசலில் உள்ள பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போய், ஒரு கிடங்கில் தங்கி, சேலம், திருச்சி வழியாகத் திரும்பி என்னிடம் வந்திருக்கிறது. எந்த ஆலையில் தயாரானது என்பதைப் பெட்டி சொல்லாது. கலிபோர்னியாவில் வடிவமைத்து இந்தியாவில் இணைத்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

25ஆம் தேதி "இன்று வந்து சேரும்" என்றது பக்கம். மதியம் 1.40க்கு ஒரு குறுஞ்செய்தி: வாடிக்கையாளர் முகவரியில் இல்லை, பொட்டலம் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது. அந்த நேரத்தில் நான் கடைக் கல்லாவில் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலைப் பார்த்தபடி இருக்கும் கண்காணிப்புக் கேமராவின் பதிவை ஒரு மணி முதல் இரண்டு மணி வரை ஓட்டிப் பார்த்ததில், தெருவுக்குள் வந்தவை ஓர் இளநீர் வண்டியும் இரண்டு மாடுகளும் மட்டும்தான். புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் காலை பதினொன்றுக்குப் பொட்டலத்துடன் வந்த இளைஞரிடம் கேட்டேன், அவர் ஒளிக்கவில்லை. "நேத்து லோடு அதிகம் சார், உங்க தெருப் பக்கமே வர முடியல. ஏதாவது ஒரு காரணம் போட்டாத்தான் ஆப்ல அன்னிக்குக் கணக்கு முடியும்" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லாமல் ஒரு நாளின் வேலையை முடிக்க வழி வைக்காத செயலியை வடிவமைத்தவர் அந்த வெயிலில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் சுற்றிப் பார்க்க வேண்டும்.

இணையத்தில் விலையுயர்ந்த கைப்பேசி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓடிபி எண்ணைச் சொல்வதற்கு முன்பே பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஐபோன் பெட்டிகளில் இப்போது பிளாஸ்டிக் சுற்றுத்தாள் கிடையாது. பின்பக்கம் மேலும் கீழும் ஒட்டியுள்ள காகிதப் பட்டைகளே முத்திரை. அவை கிழியாமல் இருக்கின்றனவா என்பதும், பெட்டியில் உள்ள ஐஎம்இஐ என்ற கைப்பேசி அடையாள எண் ரசீதில் உள்ள எண்ணுடன் ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். பிரிக்கும்போது யாரையாவது தொடர்ச்சியாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். எங்கள் கடையில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. தம்பி மூன்று விளக்கு போட்டு எடுத்தான்.

பெட்டிக்குள் கைப்பேசியும் துணி பின்னிய கம்பி ஒன்றும் இருக்கின்றன, மின்னேற்றி இல்லை. ஆப்பிள் அதைக் கொடுப்பதை 2020இலேயே நிறுத்திவிட்டது. 20 வாட் மின்னேற்றி ஒன்றுக்கு அப்போது 1,900 ரூபாய் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இதில் எனக்குத் தோன்றிய ஒரு முரணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் கைப்பேசிகளைச் செய்து குவித்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. பல ஆண்டு கிடந்த அந்த இடத்தை எடுத்துக்கொண்டது சால்காம்ப் என்ற நிறுவனம். அவர்கள் செய்வது மின்னேற்றி, ஆப்பிளுக்கும்தான். நம் மாவட்டங்களில் கைப்பேசியும் தயாராகிறது, மின்னேற்றியும் தயாராகிறது. பெட்டிக்குள் மட்டும் இரண்டும் சந்திப்பதில்லை.

இனி கைப்பேசி. ஏழு வாரம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். ஐபோன் 11இன் எடை 194 கிராம், இதன் எடை 171 கிராம். ஒரு கையால் உயர்த்திப் பிடித்து வரவேற்பு மேடையை நெடுநேரம் எடுக்கிறவனுக்கு அந்த 23 கிராம் தோள்பட்டையில் தெரிகிறது. விளிம்புகளை மழுக்கியிருப்பதால் உள்ளங்கையை வெட்டுவதில்லை. பின்கண்ணாடி மங்கல் பூச்சுடன் இருப்பதால் சந்தனமும் எண்ணெயும் பட்ட கையில் எடுத்தாலும் ரேகை படிவதில்லை. வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறது; மகாமகக் குளக்கரையில் நண்பகலில் ஒரு ஜோடியைப் படமெடுத்தபோது கையைக் குடையாகப் பிடித்துத் திரையைப் பார்க்க வேண்டிய பழைய தொல்லை இல்லை. ஆனால் இந்த விலையில் திரை இன்னும் நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கிறது. இதில் பாதி விலைக்கும் குறைவான ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் 120 வந்துவிட்டது. ஐபோன் 11இலிருந்து வருகிற எனக்கு அது உறுத்தவில்லை. தம்பியின் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உறுத்துகிறது.

கேமராவுக்குத்தான் நான் காசு கொடுத்தது. முதன்மைக் கேமரா 48 மெகாபிக்சல். வழக்கமாக 24 மெகாபிக்சலில் படத்தைச் சேமிக்கிறது. கேமராவின் ஒளி உணரியில் (சென்சார்) நடுப்பகுதியை மட்டும் எடுத்து இரண்டு மடங்கு நெருக்கமாகக் காட்டும் வசதியை நான் முதலில் விளம்பரக் கூற்று என்றே நினைத்தேன். தாலி கட்டும் நேரத்தில் உறவினர் கூட்டத்துக்குள் நுழையாமல் ஓர் எட்டு தள்ளி நின்று முகங்களை நெருக்கமாக எடுக்க முடிந்தபோது கருத்தை மாற்றிக்கொண்டேன். முகத்தின் நிறத்தை வெளுக்காமல் அதன் இயல்பில் விடுவது நம் ஊர்த் தோலுக்கு மிக முக்கியம். அதில் இது பழைய 11ஐ விடத் தெளிவாக மேல்.

கொலுவில் ஒரு குறை தெரிந்தது. நவராத்திரியில் ஒரு வீட்டு ஒன்பது படி கொலுவைக் காணொளியாக எடுக்கப் போனேன். மரப்பாச்சியின் கண்மையையும் செட்டியார் பொம்மையின் தராசையும் திரை நிறைய எடுக்க நெருங்கினால், அரை அடிக்கு உள்ளே போனதும் தெளிவு போய்விடுகிறது. மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ வசதியை ப்ரோ வகைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு மடங்கு வசதியில் சற்றுத் தள்ளி நின்று சமாளித்தேன். அதே வீட்டில் சீரியல் விளக்குகள் காணொளியில் பட்டை பட்டையாக மினுக்கின. இது கருவியின் குறை அன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கைப்பேசியில் முதலில் இருக்கும் அமைப்பு நொடிக்கு 30 அல்லது 60 சட்டம் (ஃபிரேம்). கேமரா அமைப்புகளில் காணொளிப் பதிவுக்குள் சென்று பால் (PAL) வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் 25 வந்துவிடும். அதில் எடுத்தால் மினுக்கல் அடங்கிவிடுகிறது. மண்டபத்தில் எல்இடி சுவருக்கு முன்னால் எடுப்பவர்கள் இதைப் பெட்டி பிரித்த அன்றே மாற்றிவிடுவது நல்லது.

யூஎஸ்பி-சிக்குக் கைதட்டிய தம்பிக்கு ஏமாற்றம் கொடுத்த விஷயம் ஒன்றும் உண்டு. துளை புதிது, உள்ளே தரவு ஓடும் வேகம் பழையது: நொடிக்கு 480 மெகாபிட். 4கே தரத்தில் நொடிக்கு 60 சட்டமாக எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 எம்பி ஆகிறது. ஒரு மணி நேரப் பதிவு 24 ஜிபி. அதைக் கம்பி வழியாக மடிக்கணினிக்கு மாற்றப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கிறது. ப்ரோ வகைகளில் இதே துளை 10 ஜிகாபிட் வரை போகும். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இலை மடிக்கும் முன் ரீல்ஸ் வேண்டும் என்று நிற்கும்போது இந்தப் பத்து நிமிடம் நீளமானது. இப்போது சடங்கு ஒவ்வொன்றும் முடிந்த கையோடு சிறு சிறு துண்டுகளாக மாற்றிக்கொள்கிறோம். 128 ஜிபி, இரவே காலி செய்கிறவர்களுக்குப் போதும். குடும்பப் படங்களையும் அதிலேயே வைத்துக்கொள்கிறவர்கள் 256க்குப் போவதே நல்லது. பேட்டரி காலை முகூர்த்தம் முதல் மாலை வரவேற்புத் தொடக்கம் வரை தாங்குகிறது. வரவேற்பு முடியும்வரை தாங்காது; பவர் பேங்க் பையில் இருக்கட்டும்.

சுருங்கச் சொன்னால், 11 அல்லது அதற்கு முந்தையதை வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 14 வைத்திருப்பவர்கள் கம்பிக்காக மட்டும் மாற வேண்டியதில்லை. புதிதாக வாங்குகிறவர்களில், இதன் அறிவிப்பு வந்த இரவே 69,900 ரூபாய்க்கு இறங்கிய 14 போதும் என்பவர்களும் இருப்பார்கள். முதல் நாளே வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்பதிவு திறக்கும் நிமிடத்தில் நேரடியாக ஆப்பிள் தளத்திலேயே பதிவு செய்யுங்கள். உள்ளூர்க் கடைதான் வேண்டுமென்றால் முன்பணச் சீட்டில் நிறம், கொள்ளளவு, தரும் தேதி, தராவிட்டால் பணம் திரும்பும் நாள் ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அவர்களிடம் பெட்டி இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அக்டோபர் 9 அன்று தஞ்சாவூர்க் கடையிலிருந்து அழைப்பு வந்தது. "சார், நீங்க புக் பண்ண கறுப்பு வந்துடுச்சு, எப்ப வர்றீங்க?" என்று அதே மரியாதையுடன் கேட்டார் அந்த இளைஞர். முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன் என்றேன். சற்று நேரம் தாள் புரட்டும் ஓசை கேட்டது. "ஆமா சார், சாரி சார்" என்றவர், அழைப்பைத் துண்டிப்பதற்கு முன், உறையும் கண்ணாடியும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.